கண்டெடுத்த ஏடும் கண்டெடுத்த படச்சுருளும்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இரண்டு துறைகளைச் சார்ந்தது. ஒன்று, மேல்நாட்டுத் திரையுலகில் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தோன்றிப் பரவிய ஒருவகைப் பயங்கரப் படம். காணாமற்போனவரோ மாண்டுபோனவரோ எடுத்து வைத்த படச்சுருள் பிற்பாடு கண்டெடுக்கப்பட்டது என்றும், அதுவே நம் கண்முன் ஓடுகிறது என்றும் சொல்லிக்கொண்டு வருவது. 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்று திரையுலகத்தார் அதை வழங்குகிறார்கள். மற்றொன்று, கிறிஸ்து சமயத்தின் முதல் நான்கு நூற்றாண்டுகளில் எழுந்த நூல்களைச் சரித்திர நோக்கோடு ஆராய்ந்துவரும் பழமையான கல்வித்துறை. இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஏற்றுவது சமயத்துக்கு அகௌரவம் என்றோ கல்விக்கு இழுக்கு என்றோ எவரும் எண்ண வேண்டியதில்லை. நாம் நேரில் காணாத ஒரு சம்பவத்தைத் தான் கண்டதாகச் சொல்லும் பதிவு ஒன்று நம் கைக்கு வந்து சேரும்போது அதை எவ்வளவு தூரம் நம்புவது, எந்த ஆதாரத்தைக் கொண்டு நம்புவது என்ற ஒரே கேள்வியையே இரண்டு துறைகளும் நம் முன் நிறுத்துகின்றன.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பதிவும் தனக்குத் தானே சாட்சியாக நிற்க முடியாது. தன் உண்மையை நிலைநாட்டுவதற்காக அது தன்னுள்ளேயே வைத்திருக்கும் அடையாளங்கள் அனைத்தும் ஆக்கியவனின் திறமைக்கு ஆதாரமாகுமேயன்றிச் சம்பவத்தின் மெய்மைக்கு ஆதாரமாகா. சம்பவத்தின் மெய்மையைப் பதிவுக்கு வெளியே சென்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

படச்சுருளின் இலக்கணம்

இத்தாலிய இயக்குநர் ருஜ்ஜெரோ டியோடாட்டோ 1980-இல் வெளியிட்ட 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' என்னும் படத்தை இவ்வகைக்கு முன்னோடியாகக் கூறுவது வழக்கம். அமேசான் காட்டுக்குள் சென்று திரும்பாத ஒரு படப்பிடிப்புக் குழுவின் சுருள்களை மானிடவியல் பேராசிரியர் ஒருவர் மீட்டு வந்து, நியூயார்க்கில் அவற்றைத் திரையிட்டுப் பார்ப்பதாகக் கதை அமைந்திருக்கிறது. அதில் நடித்தவர்கள் ஓராண்டுக் காலம் வேறெங்கும் தோன்றுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருந்தமையால், அவர்கள் மெய்யாகவே கொல்லப்பட்டார்கள் என்ற சந்தேகம் கிளம்பிற்று. அதிகாரிகள் படத்தைப் பறிமுதல் செய்தார்கள். இயக்குநர் தம் நடிகர்களை உயிரோடு கொண்டுவந்து காட்டிய பிறகே கொலைப்பழி அவரை விட்டு நீங்கிற்று. ஆயினும் அந்தப் படத்தில் விலங்குகள் கொல்லப்படும் காட்சிகள் நடிப்பல்ல. அவை உண்மையாகவே கொல்லப்பட்டன. மனிதரின் சாவு பொய்யாகவும் விலங்கின் சாவு மெய்யாகவும் ஒரே சுருளில், ஒரே கருவியால் பதிவாகியிருக்கின்றன என்ற இந்தக் கொடிய உண்மையை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஒரு பதிவின் ஒரு பகுதி மெய் என்று நிரூபணமாவதால் மறுபகுதியும் மெய்யாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இவ்வகை உலகப் பிரசித்தி பெற்றது 1999-இல், டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்ற இருவர் இயக்கிய 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' என்ற படத்தினால். 1994 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்து பர்கிட்ஸ்வில் என்ற ஊரை அடுத்த காட்டுக்குள் ஒரு சூனியக்காரியைப் பற்றிய கதையைப் படம்பிடிக்கச் சென்ற மூன்று மாணவர்கள் மறைந்துபோனார்கள் என்றும், ஓராண்டுக்குப் பின் அவர்களுடைய சுருள்கள் கிடைத்தன என்றும் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. ஊர் உண்மையான ஊர். நடிகர்கள் தங்கள் சொந்தப் பெயர்களோடே நடித்தார்கள். கருவியையும் அவர்களே ஏந்திப் படம்பிடித்தார்கள். காணாமற்போனவர்களைத் தேடும் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டன. நடிகர்கள் இறந்திருக்கக்கூடும் என்று குறிப்புகள் வெளியிடப்பட்டன. நடிகை ஒருவரின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்களே வந்து சேர்ந்தன. சொற்பச் செலவில் எடுத்த அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் டாலர் வசூலித்தது. படத்தை விளம்பரப்படுத்துவதற்காக அதன் ஆக்கியோர் பரப்பிய கதையில் ஒரு விவரம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் முக்கியமானது: சுருள்களும் நாட்குறிப்பும் அடங்கிய பை, நூறாண்டுப் பழமையான ஒரு குடிலின் அஸ்திவாரத்தின் கீழே, மானிடவியல் மாணவர்களின் கையில் அகப்பட்டதாகச் சொல்லப்பட்டது.

தர்சு நகரத்துப் பளிங்குப் பெட்டி

பிளேர் விட்ச் படத்தை ஆக்கியோர் அறிந்து செய்தாலும் அறியாமல் செய்தாலும், வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து ஆவணத்தைத் தோண்டியெடுக்கும் உத்தி ஆயிரத்தறுநூறு ஆண்டுப் பழமையுடையது. 'பவுலின் தரிசனம்' என்று வழங்கும் நூலின் முகவுரை கூறுவதைக் கேளுங்கள். முற்காலத்தில் அப்போஸ்தலர் பவுலுக்குச் சொந்தமாயிருந்த தர்சு நகரத்து வீட்டில் குடியிருந்த ஒரு கண்ணியவானுக்கு இரவிலே தேவதூதன் தோன்றி, வீட்டின் அஸ்திவாரத்தை இடித்துப் பார்க்கும்படி கட்டளையிட்டானாம். மனிதர் தயங்க, தூதன் மீண்டும் மீண்டும் வந்து வற்புறுத்தினானாம். தோண்டியபோது ஒரு பளிங்குப் பெட்டியும், அதனுள் பவுல் தாம் மூன்றாம் வானத்தில் கண்டவற்றை எழுதிய ஏடும், அவர் ஊர் ஊராக நடந்து உபதேசித்த காலத்தில் அணிந்த பாதரட்சைகளும் இருந்தனவாம். பெட்டி நீதிபதியிடம் சென்று, அவர் மூலமாகத் தெயோதோசியுஸ் சக்கரவர்த்தியை அடைந்ததாம். சம்பவத்தின் ஆண்டைக் குறிக்க முகவுரை சொல்லும் கான்சல்களின் பெயர்களைக் கொண்டு கணக்கிட்டால் அது கி.பி. 388 ஆகிறது.

பவுல் தம் கடிதம் ஒன்றில், மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட மனிதனைப் பற்றிப் பேசி, அங்கே கேட்டவை மனிதர் வாயால் சொல்லத் தகாதவை என்று நிறுத்திவிடுகிறார். அந்த மௌனத்தை நிரப்ப வந்த நூல் இது. நரகத்தின் தண்டனைகளையும் பரலோகத்தின் பேரின்பத்தையும் விரிவாகச் சொல்லும் இந்த ஏடு மத்திய காலத்து ஐரோப்பாவில் பற்பல மொழிகளில் பரவி, மறுமையைப் பற்றிய ஜனங்களின் கற்பனையை ஆட்கொண்டது. ஆனால் பவுல் எழுதியிருந்தால் அது முந்நூறு ஆண்டுக் காலம் எங்கே இருந்தது என்ற ஆட்சேபம் எழாமல் இராது. அந்த ஆட்சேபத்துக்கு முன்கூட்டியே இறுத்த விடைதான் பளிங்குப் பெட்டி. ஏட்டோடு பாதரட்சைகளையும் சேர்த்து வைத்தது, கையால் தொட்டுப் பார்க்கத்தக்க ஒரு பொருளின் திடத்தைச் சொல்லுக்கு ஊட்டுவதற்காக.

ஐந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்துகொண்டு திருச்சபையின் சரித்திரத்தை எழுதிய சோசோமென் என்பவர், இந்த நூலைப் பல துறவிகள் புகழ்ந்து போற்றுவதைக் குறிப்பிட்டுவிட்டு, கண்டெடுத்த கதை உண்மைதானா என்று தாம் விசாரித்ததையும் சேர்த்து எழுதுகிறார். தர்சு நகரத்துச் சபையைச் சேர்ந்த சிலிக்ஸ் என்ற குருவானவர் அப்போது தலை நரைத்த முதியவராக இருந்தார். அவரைக் கேட்டபோது, அப்படியொரு சம்பவம் தம் ஊரில் நடந்ததாகத் தமக்குத் தெரியவே தெரியாது என்றும், மதபேதிகள் கட்டிய கதையாக இருக்கலாம் என்றும் அவர் கூறிவிட்டார். சோசோமென் நூலின் நடையை ஆராயவில்லை, தத்துவத்தை ஆராயவில்லை, நூலுக்கு வெளியே இருந்த ஒரு வயோதிகரிடம் சென்று, 'ஐயா, இது நடந்ததா?' என்று கேட்டார். சரித்திர விசாரணை என்று நாம் பெருமையோடு சொல்லும் பெருங்கட்டடத்தின் ஆதாரக் கல் இந்த எளிய செயலே.

இந்த உத்தி கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரியதன்று. டிராய் யுத்தத்தில் கலந்துகொண்டவன் எழுதிய நாட்குறிப்பு என்று சொல்லிக்கொண்டு டிக்டிஸ் என்ற கிரேத்தா தீவினனின் பெயரால் வழங்கிய நூலை, நீரோ மன்னன் காலத்துப் பூகம்பத்தில் பிளந்த கல்லறையிலிருந்து இடையர்கள் தகரப் பேழையோடு எடுத்ததாக அதன் முகவுரை கூறுகிறது. கிரேக்க ரோமானிய உலகத்து வாசகன் இந்தக் கதையமைப்பை நன்கு அறிந்தவன் என்பதை நினைவில் கொண்டால்தான் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர்களைத் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அநீதியிலிருந்து தப்புவோம்.

கருவியை ஏந்திய கை

இவ்வகைப் படங்களில் பார்வையாளன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கருவி யார் கையில் இருக்கிறது என்பது. அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலைப் படித்துக்கொண்டே வருகிறவர், பதினாறாம் அதிகாரத்தில் துரோவா பட்டணத்தருகே ஓர் ஆச்சரியத்தைச் சந்திக்கிறார். அதுவரை பவுலையும் அவர் தோழரையும் 'அவர்கள்' என்று சொல்லிவந்த கதை, யாதொரு முன்னறிவிப்புமின்றி 'நாங்கள்' என்று பேசத் தொடங்குகிறது. பிலிப்பியில் அந்தக் குரல் மறைகிறது. பின்னொரு பயணத்தில் மீண்டும் எழுகிறது. இறுதியில் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறி ரோமாபுரி சேரும்வரை உடன் வருகிறது. இந்த 'நாங்கள்' யார்? நூலாசிரியரே பவுலுடன் பயணம் செய்தவர் என்பார் ஒரு சாரார். அவர் கைக்குக் கிடைத்த வேறொருவரின் பயணக் குறிப்பு அப்படியே எடுத்தாளப்பட்டது என்பார் மற்றொரு சாரார். கடற்பயணத்தைத் தன்மைப் பன்மையில் சொல்வது அக்காலத்து இலக்கிய மரபு என்று வெர்னன் ராபின்ஸ் போன்றோர் வாதித்திருக்கின்றனர். விவாதம் இன்றும் தீரவில்லை. தீராமைக்குக் காரணம், தன்மைக் குரலை எழுதுவது கண்டவனாலும் இயலும், கேட்டவனாலும் இயலும், கற்பனை செய்தவனாலும் இயலும் என்பதே.

கற்பனை செய்தவன் எத்தனை அழகாக அதைக் கையாளலாம் என்பதற்கு, இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த யாக்கோபின் பெயரால் வழங்கும் குழந்தைப் பருவச் சுவிசேஷம் சான்று. மரியாளைக் குகையில் விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தேடிச் செல்லும் யோசேப்பு, அதுவரை படர்க்கையில் பேசப்பட்டவர், திடீரென்று தம் வாயாலேயே பேசுகிறார். வானத்துப் பறவைகள் பறந்தபடியே நின்றதையும், உண்ணக் குனிந்த தொழிலாளரின் கைகள் பாத்திரத்தில் அசையாதிருந்ததையும், மேய்ப்பன் ஓங்கிய கோல் ஓங்கியபடியே நின்றதையும், பிறகு ஒரு கணத்தில் யாவும் முன்போல் இயங்கியதையும் தாம் கண்டதாகக் கூறுகிறார். கருவியைக் கதாபாத்திரத்தின் கையில் கொடுத்துவிட்டுப் படத்தின் ஓட்டத்தை நிறுத்திக் காட்டும் சாதுரியத்தை, திரைப்படம் என்ற ஒன்று கனவிலும் தோன்றாத காலத்தில் ஓர் எழுத்தாளன் நிகழ்த்தியிருக்கிறான்! அதே நூலின் முடிவில், ஏரோதின் மரணத்தால் எருசலேமில் கலகம் மூண்டபோது தாம் வனாந்தரத்தில் ஒதுங்கியிருந்ததாக யாக்கோபு கையொப்பமிடுவதுபோல் ஒரு வாக்கியமும் வருகிறது.

சிறு விவரங்களின் பலம் எத்தகையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் எடுத்து வரும்படி ஒரு வேண்டுகோள் இருக்கிறது. குளிர்காலத்தை எதிர்நோக்கும் ஒரு கிழவரின் குரல் அதில் கேட்கிறது. ஆயினும் அந்த நிருபம் பவுலின் காலத்துக்குப் பிந்தியது என்பது அறிஞர் பலருடைய கொள்கை. மேலங்கியைப் போன்ற பயனற்ற விவரம் ஒன்று மெய்ம்மையின் தோற்றத்தை உண்டாக்குகிறது என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1968-இல் நாவலைப் பற்றி எழுதினார். திரையில் ஆடும் கருவியும், பொருளின்றி எடுக்கப்பட்ட தரையின் காட்சியும், தெளிவற்ற முணுமுணுப்பும் அதே வேலையைச் செய்கின்றன. சுவிசேஷங்களில் வரும் ஆட்பெயர்கள் கண்கண்ட சாட்சிகளின் அடையாளங்கள் என்று ரிச்சர்ட் பாக்கம் 2006-இல் ஒரு பெருநூலில் வாதித்தார். கௌரவத்தோடு கேட்கத்தக்க வாதம் அது. ஆனால் நமக்கு நெருங்கிய தொடர்புடைய ஒரு நூல் எச்சரிக்கை செய்கிறது. மயிலாப்பூரில் சமாதி கொண்டிருப்பதாகப் பாரம்பரியம் போற்றும் தோமாவை இந்தியாவுக்கு அனுப்பி வைக்கும் 'தோமாவின் நடபடிகள்', மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழி வழங்கிய நாட்டில் எழுந்தது. அதில் வரும் கொந்தோபோரஸ் என்ற அரசனைக் கற்பனைப் பாத்திரம் என்றே பலர் எண்ணியிருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வடமேற்கு இந்தியாவில் வெளிப்பட்டன. அரசன் மெய், அதனால் அதே நூலில் மனிதக் குரலில் பேசும் கழுதையும் மெய்யாகிவிடுமோ? பர்கிட்ஸ்வில் என்ற ஊர் வரைபடத்தில் இருப்பதால் சூனியக்காரி இருந்தாள் என்று ஆகாததுபோலத்தான் இதுவும்.

தொகுத்தவர் கை

கருவியை ஏந்தியவருக்கு அடுத்தபடி, சுருளை வெட்டி ஒட்டியவர் யார் என்று கேட்க வேண்டும். பிளேர் விட்ச் படத்தில் ஏறத்தாழ 20 மணி நேரப் பதிவு 81 நிமிடமாகக் குறுக்கப்பட்டது. எதை முன் வைப்பது, எதைப் பின் வைப்பது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானித்தவர்கள் திரையில் ஒருபோதும் தோன்றுவதில்லை. பார்வையாளனோ தான் நேரடியாகக் காட்டுக்குள் நிற்பதாகவே நம்புகிறான். ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் ஷ்மிட் 1919-இல், மாற்கு சுவிசேஷத்தில் தனித்தனியே வழங்கிவந்த நிகழ்ச்சிகளை 'உடனே', 'மறுபடியும்' போன்ற இணைப்புகளால் கோத்துக் காலத்தையும் இடத்தையும் கற்பித்தவர் தொகுப்பாசிரியரே என்று நிறுவினார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பப்பியாஸ் என்பவரும், மாற்கு பேதுருவின் வார்த்தைகளைப் பிசகாமல் எழுதினாரேனும் வரிசைப்படி எழுதவில்லை என்று ஒரு மூப்பர் சொன்னதாகக் கூறியிருக்கிறார். அந்தக் கூற்றும் பப்பியாஸின் நூலாக அன்றி, இருநூறு ஆண்டுக்குப் பின் திருச்சபைச் சரித்திரக்காரர் யூசேபியுஸ் எடுத்தெழுதிய பகுதியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த விஷயத்தில் என் நெஞ்சை உருக்கும் ஆவணம் ஒன்று உண்டு. கி.பி. 203-இல் கார்த்தேஜ் நகரத்து அரங்கில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா என்ற பெண்மணிக்கு அப்போது வயது சுமார் இருபத்திரண்டு; கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தவள். சிறையின் இருட்டையும், தந்தையின் மன்றாட்டையும், குழந்தையைப் பிரிந்த வேதனையையும், தான் கண்ட கனவுகளையும் அவளே எழுதியதாக ஒரு குறிப்பு நமக்கு எஞ்சியிருக்கிறது. அரங்கிற்குச் செல்லும் முன்னாள்வரை எழுதிவிட்டு, அங்கே நடக்கப்போவதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்று அவள் நிறுத்துகிறாள். எழுதிய கை நின்றுவிட, பெயரறியாத ஒருவர் முன்னும் பின்னும் உரை சேர்த்து, சாத்தூருஸ் என்ற உடன்சிறையாளரின் கனவையும் இடையே வைத்து, அவர்கள் மாண்ட விதத்தைக் கூறி முடிக்கிறார். இந்தக் குறிப்பு பெர்பெத்துவாவின் கையெழுத்தே என்று பெரும்பாலோர் கொள்கின்றனர், ஐயுறுவோரும் உளர். நான் பெரும்பான்மையோரின் பக்கம் நிற்கிறேன். அவள் நடைக்கும் தொகுத்தவர் நடைக்கும் உள்ள வேறுபாடு அத்தகையது. ஆயினும் அவளை நாம் அறிவது தொகுத்தவர் திறந்துவிட்ட ஜன்னலின் வழியாகத்தான் என்பதை ஒரு கணமும் மறக்கலாகாது.

ஆவணம் கைமாறிய வரிசையைச் சொல்வதும் அன்றைய வழக்கமே. சிமிர்னாவின் பிஷப்பாகிய பொலிக்கார்ப் இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எரிக்கப்பட்ட வரலாற்றின் இறுதியில், இரேனியுஸின் பிரதியைக் காயுஸ் என்பவர் நகலெடுத்தார், அதைக் கொரிந்துவில் வேறொருவர் நகலெடுத்தார், காலத்தால் சிதைந்து கிடந்த அதைப் பொலிக்கார்ப்பே தரிசனத்தில் வெளிப்படுத்த நான் தேடியெடுத்தேன் என்று பியோனியுஸ் எழுதுவதாக ஒரு பின்குறிப்பு இருக்கிறது. இரண்டு கண்ணிகள் மனிதர் நகலெடுத்தவை. மூன்றாவது தரிசனத்தில் கிடைத்தது. சரித்திர மாணவன் அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

அறுந்து நிற்கும் முடிவு

பிளேர் விட்ச் படத்தின் கடைசிக் கணத்தில், பாழடைந்த வீட்டின் நிலவறையில் ஒருவன் சுவரைப் பார்த்து நிற்கிறான், கருவி கீழே விழுகிறது, படம் முடிகிறது. விளக்கமில்லை, ஆறுதலில்லை. மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய முழுப் பிரதிகளாகிய சினாய் கோடெக்ஸும் வத்திக்கான் கோடெக்ஸும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தைத்த சுவடிகள். அவ்விரண்டிலும் நூல் பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறை திறந்திருக்கக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உயிர்த்தெழுந்தவர் தோன்றும் பன்னிரண்டு வசனங்களும், வேறு சில பிரதிகளில் காணும் சிறிய முடிவும், பின்வந்தோர் சேர்த்தவை என்பது ஆராய்ச்சியாளரின் பொதுவான தீர்ப்பு.

1892-இல் ஆக்னெஸ் ஸ்மித் லூயிஸ் என்ற அம்மையார் சினாய் மலையில் புனித கத்தரீன் மடத்தில் ஒரு சிரிய ஏட்டைக் கண்டார். மேலே எழுதப்பட்டிருந்தவை பரிசுத்த ஸ்திரீகளின் சரித்திரங்கள். சுரண்டி அழித்த பழைய எழுத்தோ சுவிசேஷங்களின் மிகப் பழைய சிரிய மொழிபெயர்ப்பு. அங்கும் மாற்கு அதே எட்டாம் வசனத்தோடு முடிகிறது. மேலெழுத்தின் அடியில் கீழெழுத்து தென்படும் இத்தகைய ஏட்டைப் பார்க்கும்போது, 2008-இல் வெளிவந்த 'குளோவர்ஃபீல்டு' என்ற படத்தை நினைக்காமலிருக்க முடியவில்லை. அதில் நியூயார்க் நகரத்தின் அழிவு, இரு காதலர் கழித்த ஓர் இனிய நாளின் பதிவின்மேல் பதிவாகிறது. இடையிடையே அழியாமல் எஞ்சிய பழைய நாள் எட்டிப் பார்க்கிறது.

அறுந்த முடிவைப் பின்வந்தோரால் தாங்கிக்கொள்ள இயலவில்லை. 1886–87-இல் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட பேதுருவின் சுவிசேஷத் துண்டு, மற்ற சுவிசேஷங்கள் காட்டாத காட்சியைக் காட்டத் துணிகிறது: தலை வானத்தை முட்டும் உருவங்கள் கல்லறையிலிருந்து வெளிவருகின்றன, பின்னே சிலுவை நடந்து வருகிறது, பேசுகிறது. காட்டாததைக் காட்டியதால் அதன் மகிமை கூடிற்றா? மாற்குவின் எட்டாம் வசனத்தில் இருக்கும் நடுக்கத்தில் ஓர் அணுவும் அதில் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

வேறுபாடு

ஒப்புமைகளை இவ்வளவு சொன்னபின் வேறுபாட்டையும் சொல்லாவிட்டால் குற்றமாகும். திரைப்படம் பார்ப்பவன் அது கற்பனை என்று சம்மதித்தே அமர்கிறான்; அல்லது விரைவில் அறிந்துகொள்கிறான். பிறர் பெயரால் நூல் எழுதுவதை முற்காலத்தார் குற்றமாகக் கருதவில்லை என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு; ஆனால் அறிஞர் பார்ட் எர்மன் விரிவாக எடுத்துக்காட்டியபடி, கண்டுபிடிக்கப்பட்ட இடத்திலெல்லாம் அது கண்டிக்கவே பட்டது. அந்தியோக்கியாவின் பிஷப் செராபியோன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், பேதுருவின் சுவிசேஷத்தை வாசிக்க முதலில் அனுமதித்து, படித்துப் பார்த்தபின் தள்ளினார். பவுலையும் தெக்லாவையும் பற்றிய நூலை எழுதிய ஆசியா மாகாணத்துக் குரு ஒருவர், பவுல்மீது கொண்ட அன்பினாலேயே அதைச் செய்ததாக ஒப்புக்கொண்டு பதவி இழந்தார் என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். அன்பினால் செய்தார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அன்பு பொய்க்கையெழுத்தை மெய்யாக்காது.

நம் காலத்து ஆராய்ச்சியாளரும் கண்டெடுத்த கதையின் வசீகரத்துக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். நவீன இயேசு ஆராய்ச்சிக்கே தொடக்கமிட்ட ரைமாரஸின் எழுத்துக்களை அவர் மறைவுக்குப் பின் 1774 முதல் வெளியிட்ட ஜெர்மானிய எழுத்தாளர் லெசிங், குடும்பத்தாரிடமிருந்து பெற்றதை மறைத்து, வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் கிடைத்த பெயரறியாதவரின் துண்டுகள் என்றே வெளியிட்டார். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் பதின்மூன்று கோடெக்ஸுகள் சாடியில் அகப்பட்ட கதை பாடநூல்தோறும் இடம்பெற்றிருக்க, அதன் விவரங்கள் சொல்லுந்தோறும் மாறியிருப்பதை மார்க் குட்ஏக்கர் முதலிய அறிஞர் எடுத்துக்காட்டினர். ஏடுகள் ஐயமற மெய்யானவை, கண்டெடுத்த கதையே ஐயத்துக்குரியது. இதற்கு நேர்மாறாக, 2012-இல் ஹார்வர்டு பேராசிரியர் காரன் கிங் வெளியிட்ட, இயேசுவின் மனைவியைக் குறிப்பிடுவதாகச் சொல்லப்பட்ட பாப்பிரஸ் துண்டின் மையையும் நாரையும் சோதனைச் சாலைகள் ஆராய்ந்தும் பொய்யென்று காட்ட இயலவில்லை; 2016-இல் ஒரு பத்திரிகையாளர் அது வந்த வழியை விசாரித்துச் சென்றபோது, அது பெரும்பாலும் போலியே என்று பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். தர்சு நகரத்து முதியவரிடம் சோசோமென் கேட்ட கேள்வியையே அந்தப் பத்திரிகையாளரும் கேட்டார்.

முடிவுரை

இவற்றால் நான் பெறும் முடிபு அவநம்பிக்கையன்று. எல்லாப் பதிவும் பொய் என்று சொல்வது, எல்லாப் பதிவும் மெய் என்று சொல்வதைப் போலவே சோம்பேறித்தனமான நிலை. பெர்பெத்துவாவின் குறிப்பை மதிப்பதற்கும் தர்சு நகரத்துப் பெட்டியை மறுப்பதற்கும் ஒரே அளவுகோல்தான் உதவுகிறது: ஏந்தியவர் யார், தொகுத்தவர் யார், காத்து வைத்தவர் யார், வெளியே இருந்து சாட்சி சொல்பவர் யார் என்ற நான்கு கேள்விகள். விசுவாசிகள் இக்கேள்விகளால் தம் விசுவாசத்துக்குப் பங்கம் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இவற்றை முதலில் கேட்டவர்கள் பிஷப்புகளும் திருச்சபைச் சரித்திரக்காரர்களுமே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சரித்திரம் பயிலும் இளைஞரிடம் ஆதாரங்களைச் சோதிக்கும் முறையைச் சூத்திரங்களாக ஒப்புவிக்கச் செய்வதைவிட, அவர்கள் அறிந்த ஒரு படத்தையும் பவுலின் தரிசனத்தின் முகவுரையையும் அடுத்தடுத்து வைத்துப் பேசிப் பாருங்கள். பதினாறு நூற்றாண்டு இடைவெளி கடந்து ஒரே உத்தி செயற்படுவதை அவர்களே கண்டுகொள்வார்கள். மாணவர்களுக்கும் ஒரு சொல். நடுங்கும் கருவியால் எடுக்கப்பட்ட காட்சிகள் கைத்தொலைபேசி வழியே நாள்தோறும் உங்களை வந்தடைகின்றன. அவற்றை நம்பிப் பிறர்மீது பகை கொள்ளவும் உங்களைத் தூண்டுவோர் இருக்கிறார்கள். காட்சி எவ்வளவு மெய்போலத் தோன்றினும், அதற்கு வெளியே இருக்கும் ஒருவரைத் தேடிச் சென்று நடந்ததா என்று கேட்காமல் எவர்மீதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிறருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். இதுவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது.